பன்னிரண்டு நிமிடக் கூத்து: அரசுப் பணம் ஒரு வட ஆற்காட்டுக் குழுவுக்கு என்ன செய்தது

ஆற்காட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், ஸ்கேன், பாஸ்போர்ட் போட்டோ, இவைதான் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில், திமிரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூத்து வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. காது மடலுக்குப் பின்னால் அரிதாரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின ராத்திரி எங்கோ ஆடிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக பஸ் ஏறியிருக்கிறார்.

"சார், நலிஞ்ச கலைஞர் பென்ஷனுக்கு எழுதிக் குடுக்கணும். ஆடனதுக்கு அத்தாட்சி கேக்கறாங்க. ராவெல்லாம் ஆடறவன் போட்டோ எடுத்துகினா நிப்பான்?" என்றார்.

அந்த மனுவை எழுதப் போய், அவருடைய குழுவோடு மூன்று பங்குனி பழகிவிட்டேன். அரசாங்கப் பணம் அந்தக் குழுவுக்கு எந்தெந்த வழியில் வந்தது, வந்து என்ன செய்தது, எங்கே நின்றுபோனது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன். நாளைக்கும் அவர்கள் அதே அலுவலகங்களின் வாசலில் நிற்க வேண்டியவர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலைக்கு அரசு பணம் தரத்தான் வேண்டும். இப்போது தருவதைவிடக் கூடுதலாகவும் தரலாம். ஆனால் இன்றைக்கு அந்தப் பணம் கலைஞரைத் தேடி வருகிறது, கூத்தைத் தேடி வருவதில்லை. ஒருவரின் வயதுக்கும் வறுமைக்கும் பணம் உண்டு. விருதுக்கும் உண்டு. பதினான்கு பேர் சேர்ந்து ஒரு ராத்திரி முழுக்க ஆடுவதற்கும், அந்த ஆட்டத்தை ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கும் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

குழு

வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது. வேலூர் மாவட்டம் 2019இல் மறுபடியும் மூன்றானது. மாவட்டம் எத்தனை தடவை உடைந்தாலும் கூத்துக்காரர்கள் பேச்சில் வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. வடக்கத்திப் பாணிக்குப் பேர்போன புரிசை, செய்யாறு பக்கம், பழைய வட ஆற்காட்டுக்குள்தான் இருந்தது. அங்கே தலைமுறையாகக் கூத்தாடும் தம்பிரான் குடும்பத்துக்கு மத்திய அரசின் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்திருக்கிறது. வெளியூர் ஆய்வாளர்கள் தேடி வந்த குடும்பம் அது. நான் சொல்லும் குழுவைத் தேடி யாரும் வந்ததில்லை. இந்தப் பகுதியில் பெரும்பாலான குழுக்களின் நிலைமை இதுதான். அதனால்தான் இந்தக் குழுவை எழுதத் தோன்றியது.

குழுவில் பதினான்கு பேர். மத்தளம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் போக மற்றவர்கள் வேஷக்காரர்கள். எல்லாரும் ஆண்கள், பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுகிறார்கள். ராஜா வேஷத்துக்குக் கட்டை உண்டு. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. கட்டை கட்டி ஆடுவதால் கட்டைக்கூத்து என்றும் சொல்கிறார்கள். முகம் எழுதிக் கட்டை கட்டி முடிக்க ஒரு வேஷத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது.

தையில் தொடங்கி ஆடி வரைக்கும் ஆட்டம் இருக்கும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் மலை போலப் படுக்க வைத்திருப்பார்கள். அதன்மேல் ஏறி ஆடும் வேஷக்காரருக்கு அப்போது காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். இதுபோகக் கருமகாரியத்துக்குக் கர்ண மோட்சம் ஆடக் கூப்பிடுவார்கள். மழைக்காலத்தில் வேலையில்லை. அப்போது ஒருவர் செங்கல் சூளைக்குப் போகிறார், இருவர் கரும்பு வெட்டப் போகிறார்கள், மத்தளக்காரரின் மகன் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான். இந்தப் பையனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பணம் பங்குக் கணக்கில் பிரியும். விடியற்காலை ஆட்டம் முடிந்ததும் வாத்தியார் வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து, விரித்த துண்டின் மேல் வைத்து எண்ணுவார். ஆளுக்கு ஒரு பங்கு. கட்டைப் பெட்டிக்கு ஒரு பங்கு தனியாக. பெட்டிக்கு எதற்குப் பங்கு என்று முதல் தடவை கேட்டேன். "பொட்டி இல்லாத நாங்க யாரு சார்? லுங்கி கட்டின ஆளுங்க" என்றார். கூத்து என்பது ஒரு ஆள் இல்லை, ஆட்களும் பெட்டியும் சேர்ந்த ஒரு கூட்டு என்பதை அவர்களுடைய கணக்கே சொல்லிவிடுகிறது. அரசின் படிவத்தில் பெட்டிக்கு ஒரு கட்டமும் கிடையாது.

நோட்டீஸ் சாட்சி

மஞ்சள் பைக்குள் இருந்தவை திருவிழா நோட்டீஸ்கள். ரோஸ், மஞ்சள், பச்சைத் தாள்கள். மேலே அம்மன் படம், கீழே உபயதாரர் பட்டியல், நடுவில் எங்கேயோ ஒரு வரியில் "இரவு 10 மணிக்கு மேல் நாடகம்" என்று குழுவின் பெயர். நாற்பது வருஷத்தின் சாட்சி அவ்வளவுதான். மேசையில் வருஷ வாரியாக அடுக்கிப் பார்த்தோம். பழைய தாள்கள் மடிப்பில் கிழிந்து இரண்டு துண்டாக இருந்தன. செல்லோடேப் ஒட்டி ஸ்கேன் செய்தேன்.

பெயரில்தான் சிக்கல் வந்தது. ஆதாரில் இருக்கும் பெயரில் அவரை அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. ஒரு நோட்டீஸில் வேஷத்தின் பெயரைச் சேர்த்து அச்சடித்திருந்தார்கள், இன்னொன்றில் ஊர்ப் பெயரோடு வாத்தியார் என்று மட்டும். மூன்றாவதில் அச்சுக்காரர் எழுத்தை மாற்றிவிட்டிருந்தார். மனு திரும்பி வந்தது. சான்றில் உள்ள பெயரும் ஆதார்ப் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வரி. போதாததற்குப் பழைய கலைஞர் அட்டையில் வேலூர் மாவட்டம், ஆதாரில் ராணிப்பேட்டை மாவட்டம். அந்த மனிதர் வீட்டை விட்டு ஒரு அடி நகரவில்லை. மாவட்டம்தான் அவரைத் தாண்டிப் போனது.

அலுவலகத்தில் இருந்தவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். போலி மனு வருகிறது, ஆடாதவர்களும் அட்டை வாங்குகிறார்கள் என்று அவருக்கும் கவலை இருந்தது. மக்கள் பணத்துக்குக் கணக்கு வேண்டும், அது நியாயம்தான். ஆனால் ஒரு கூத்துக்காரர் ஆடினாரா இல்லையா என்பதை ஸ்கேன் செய்த தாளை வைத்துத் தீர்மானிப்பதைவிட, பக்கத்து ஊரில் நாலு பேரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்பதற்கு அந்த முறையில் இடமில்லை.

கடைசியில் ஏழு ஊர்களின் கோயில் தர்மகர்த்தாக்களிடம் கையெழுத்து வாங்கி, இன்ன பெயரில் ஆடுபவரும் இன்ன ஆதார்க்காரரும் ஒருவரே என்று எழுதி இணைத்தோம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மாதம் 3,000 ரூபாய் வரத் தொடங்கியது. அந்த 3,000 அந்த வீட்டில் எவ்வளவு பெரிய காசு என்பதை நான் பார்த்தேன். ஆகவே உதவித்தொகைத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் வந்தபோது இங்கே பலருக்கு முதல் தடவையாகக் கையில் ஒரு அடையாள அட்டை கிடைத்தது. கொரோனா ஆண்டில் ஆட்டமே இல்லாதபோது வாரிய உறுப்பினர்களுக்கு வந்த சில ஆயிரம் அரிசிக்கு ஆனது. ஆனால் இந்தக் குழுவில் பதினான்கு பேரில் அப்போது அட்டை இருந்தது நாலு பேருக்குத்தான். அந்த நாலு பேரும் வந்ததைப் பதினான்காகப் பிரித்துக்கொண்டார்கள். கேட்டபோது, பங்கு என்றால் பங்குதான் என்றார்கள்.

பன்னிரண்டு நிமிடம்

2007இல் சென்னையில் தொடங்கிய சங்கமம் விழா, இடையில் நின்று, 2023 பொங்கலுக்கு மறுபடி நடந்தது. பிறகு வேலூர் உட்பட மற்ற நகரங்களுக்கும் வந்தது. இது தவிர மாவட்ட அளவில் கலை விழா, துறை விழா, பொருட்காட்சி என்று மேடைகள் உண்டு. இப்படி ஒரு மேடைக்கு எங்கள் குழுவுக்கும் அழைப்பு வந்தது. எந்த மேடை என்பது முக்கியமில்லை.

எட்டுப் பேருக்கு மேல் வரக்கூடாது என்றார்கள். ஆறு பேரை விட்டுவிட்டுப் போனோம். மாலை ஐந்து மணிக்கு மேடை என்பதால் மூன்று மணிக்கே ஒரு பள்ளி வகுப்பறையில் முகம் எழுத உட்கார்ந்தார்கள். பெஞ்சின் மேல் கட்டைகளை வரிசையாக வைத்து, தேங்காயெண்ணெய் தடவி, அரிதாரம் குழைத்து, ஒருவருக்கொருவர் முதுகுக் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். புஜக்கட்டை தோளில் ஏறியதும் அந்த ஆள் நிற்கும் விதமே மாறிவிடுகிறது. கழுத்தைத் திருப்ப முடியாது, உடம்போடுதான் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பலில் ஒரு ராஜா வந்துவிடுகிறான். ஜன்னலில் பிள்ளைகள் முண்டியடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்றைக்கு மேடையில் பார்த்ததைவிட அந்த வகுப்பறையில் பார்த்ததுதான் நினைவில் நிற்கிறது.

மேடை ஏற ஏழரை ஆனது. கொடுத்த நேரம் பன்னிரண்டு நிமிடம். கூத்தில் ஒரு முக்கிய வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரையை அசைத்து, பாதி முகம் காட்டி, மறைத்து, வெளியே வர மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த அரை மணி நேரம்தான் பார்க்கிறவர்களைக் கதைக்குள் இழுக்கும். பன்னிரண்டு நிமிடத்தில் திரையே பிடிக்க முடியாது என்பதால் திரை இல்லாமலே வந்து, நாலு கிறுக்கி (வேகச் சுழற்சி) சுற்றி, ஒரு பாட்டில் பாதியைப் பாடி முடித்தார்கள். எட்டாவது நிமிடத்தில் மேடைக்கு ஓரத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். கைதட்டல் நன்றாகவே வந்தது. பொன்னாடை போட்டார்கள். சாப்பாடு, வண்டிச் சத்தம், ஆளுக்கு ஊதியம் எல்லாம் ஒழுங்காக வந்தது. ஊரில் ஆடுவதைவிட ஆளுக்குக் கூடத்தான் கிடைத்தது.

திரும்பும்போது வேனில் யாரும் பேசவில்லை. ஆற்காடு பாலம் தாண்டியதும் முகவீணைக்காரர் மட்டும் சொன்னார்: "நல்ல காசுதான். ஆனா இன்னா ஆடனோம்?"

இதில் ஒரு கேடு மெதுவாக வேலை செய்கிறது. பன்னிரண்டு நிமிடத்துக்கு ராத்திரி ஆட்டத்தைவிடக் கூடக் காசு என்றால், இளையவர்கள் பன்னிரண்டு நிமிடத்தைத்தான் கற்றுக்கொள்வார்கள். அடுத்த பருவத்தில் இந்தக் குழுவிலேயே ஒருவர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மேடைக்கு மட்டும் ஒரு குழு அமைக்கப் பார்த்தார். கிறுக்கி சுற்றுவது, தீப்பந்தம், கூச்சல். வாத்தியாருக்கு நாற்பதுக்கு மேல் நாடகம் மனப்பாடம். அந்த நாலு பேருக்கு எந்த நாடகமும் தேவைப்படாது.

கட்டியங்காரன் வாயும் அச்சடித்த தாளும்

அரசுப் பணம் வரும் இன்னொரு வழி விழிப்புணர்வு நிகழ்ச்சி. டெங்கு, ஹெல்மெட், வாக்காளர் பட்டியல், பிளாஸ்டிக். இதற்கும் கூத்துக்காரர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். வேலை கிடைக்கிறதே என்று நானும் தகவல் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஒரு தடவை கூடவே போனேன். வசனம் அச்சடித்த தாளாக வந்தது. கூத்தில் கோமாளியாக வந்து கதையை நடத்துகிற கட்டியங்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு, தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்தார். கொசு மருந்து அடிக்க வருகிற வண்டி தலைவர் வீட்டுத் தெருவோடு திரும்பிப் போய்விடுகிறது என்று. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பொறுப்பாளர் கூப்பிட்டு, "தாளில் இருக்கறத மட்டும் சொல்லுங்க, அதெல்லாம் வேணாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த ஊரில் கட்டியங்காரர் தாளில் இருந்ததை மட்டும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

ஊர்க் கூத்தில் கட்டியங்காரனுக்கு யாரையும் கிண்டல் செய்ய உரிமை உண்டு. துரியோதனன் சபையிலேயே நின்றுகொண்டு ஊர்த் தலைவரையும் கடன் கொடுப்பவரையும் ரேஷன் கடைக்காரரையும் இழுப்பான். இழுக்கப்பட்டவரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாடகத்தின் வாயை அடைக்க இந்த நாட்டில் சட்டமே இருந்தது. வெள்ளைக்காரன் 1876இல் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஒன்று. சென்னை மாகாணத்தில் 1954இல், எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள் கிளப்பிய புயலுக்கு நடுவே, தனியாக இன்னொன்று. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலச் சட்டத்தின் அந்தப் பிரிவுகளைச் செல்லாது என்றது. 1876 சட்டம் அண்மையில்தான் புத்தகத்திலிருந்து நீங்கியது. இப்போது சட்டம் இல்லை. ஆனால் பணம் கொடுக்கிறவர் கொடுக்கும் தாள் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. தடை என்று ஒன்று எழுதப்படாததால் எதிர்த்து வழக்குப் போடவும் வழியில்லை. விழிப்புணர்வு வேலைக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. விளம்பரத்துக்கு ஆள் வைப்பது அது. அதைக் கலை வளர்ச்சி என்று கணக்கில் எழுதும்போதுதான் எனக்கு உடன்பாடு இல்லை.

வரிப்பணம் எதற்கு

கடைக்கு வருகிறவர்களில் சிலர் கேட்பார்கள்: ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது, கூத்தாட எதற்கு என் வரிப்பணம்? நல்ல கேள்வி. பார்க்க ஆள் இருந்தால் கலை பிழைக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்பார்கள்.

இதற்கு நான் ஊர்க் கணக்கைத்தான் பதிலாகச் சொல்வேன். கூத்து என்றைக்கும் டிக்கெட் வாங்கிப் பார்த்த கலை கிடையாது. தலைக்கட்டு வரி போட்டு ஊரே நடத்திய கலை. வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்து, தெருவில் எல்லாரும் பார்க்க ஆடினார்கள். அதுவும் பொதுப்பணம்தான். கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமையும் இருந்தது. ஒரு ஊரில் விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது குழு ஒரு கட்டத்தைச் சுருக்கப் பார்த்தது. பாயிலிருந்து ஒரு பாட்டி எழுந்து நின்று, "இன்னாடா அவசரம்? வரி குடுத்துக்கறோம், சூரியன் வர்ற வரைக்கும் ஆடுங்கடா" என்றார். ஆடினார்கள். எந்தக் கலை மன்றத்தின் தணிக்கைக் கணக்கும் அந்தப் பாட்டியளவு கறாராக இருக்காது.

ஆனால் அதே ஊரில் காலனியிடம் வரி வாங்குவதில்லை. வரி வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டும், அதனால் வாங்குவதில்லை. காலனி மக்கள் தூரத்தில் நின்று பார்க்கலாம், பாயில் வந்து உட்கார முடியாது. ஊர்ப் பணத்துக்கு இந்த முகமும் உண்டு என்பதை மறைத்துவிட்டுப் பழங்காலத்தைப் புகழ எனக்கு விருப்பமில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிட மேடையில் காலனியிலிருந்து வந்த பறைக் குழுவும் இந்தக் கூத்துக் குழுவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊரில் அது நடந்ததில்லை. அரசின் பணத்துக்கு மட்டுமே இருக்கும் பலம் இது: ஊர்ப் பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை அதற்குக் கிடையாது.

சுதந்திரத்துக்குப் பின் இந்தக் கேள்வியை நேராகவே பேசியிருக்கிறார்கள். 1953 ஜனவரியில் தில்லியில் சங்கீத நாடக அகாதெமி தொடங்கியபோது கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத் சொன்னதன் சாரம் இது: மக்களாட்சியில் கலைகளுக்கு வாழ்வு மக்களிடமிருந்துதான் வர முடியும். மக்கள் விருப்பத்தின் வடிவம்தான் அரசு. ஆகவே கலையைக் காப்பது அரசின் முதல் கடமைகளில் ஒன்று. அகாதெமியின் முதல் தலைவர் நம்முடைய சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.வி.ராஜமன்னார். ராஜாவும் ஜமீனும் போன பிறகு அந்த இடத்துக்கு யார் வருவது என்பதற்கு அவர்கள் கண்ட விடை அது. பிரிட்டனில் 1946இலேயே, பணத்தை அரசு தரும், யாருக்கு என்பதை அமைச்சர் சொல்ல மாட்டார், தனி மன்றம் சொல்லும் என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நாமும் மன்றம் வைத்தோம். 1950களில் தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். 1991இல் கலை பண்பாட்டுக்குத் தனித் துறையும் வந்தது.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் கவிஞர் வள்ளத்தோள் லாட்டரி நடத்திப் பணம் திரட்டி 1930இல் கலாமண்டலம் என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கதகளி படிக்கும் பையனுக்கு உணவும் தங்குமிடமும் சம்பளம் வாங்கும் ஆசானும் இருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் காஞ்சிபுரத்தை ஒட்டிக் கட்டைக்கூத்துக்கென்று ஒரு குருகுலம் 2002இல் தொடங்கி, பெண் பிள்ளைகளையும் கட்டை கட்ட வைத்து, பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தது. கூத்துக்காரர்கள் சங்கம் நடத்திய பள்ளி. 2020இல் மூடப்பட்டது. அது மூடிய செய்தியைக் கேட்டபோது வாத்தியார் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. கூத்துக்கு ஒரு கலாமண்டலம் வந்திருக்க வேண்டிய இடம் அது என்று நான் நினைக்கிறேன்.

ராத்திரி பத்து மணி

சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் குழுவை மிகவும் வாட்டுவது இதுதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாட்கள் வரை தளர்வு தரலாம், அதுவும் நள்ளிரவு 12 மணி வரைதான். கூத்து தொடங்குவது பத்து மணி, முடிவது ஆறு மணி. தடை நேரமும் ஆட்ட நேரமும் நிமிடம் பிசகாமல் ஒன்று. நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் தூக்கம் வேண்டும், விதி தேவைதான். ஆனால் சினிமாப் பாட்டு டான்ஸுக்கு அடுக்கிவைக்கும் பெரிய பெட்டிகளும், ஒற்றை மைக்கைக் கட்டித் தொங்கவிடும் கூத்தும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ஒரு கையால் கலை நன்மணி விருது கொடுக்கும் அரசு இன்னொரு கையால் மைக்கைப் பிடுங்குகிறது. ஒரு ஊரில் பன்னிரண்டு மணிக்கு மைக்கை நிறுத்தினார்கள். குழு மைக் இல்லாமலே விடிய ஆடியது. வாத்தியாருக்கு மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

என்ன செய்யலாம்

நான் திட்டம் போடும் அதிகாரி இல்லை. மனு எழுதுகிறவன். அந்த இடத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

ஊர் வரி போட்டுக் கூத்து வைத்தால், அந்த வரிக்குச் சமமாக அரசும் ஒரு பங்கு போடட்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஊரின் எல்லாத் தெருவிலும் வரி வாங்க வேண்டும், எல்லாரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். மறுக்கும் ஊருக்குப் பணமில்லை. என்ன நாடகம், எத்தனை மணி நேரம், கட்டியங்காரன் யாரைக் கிண்டல் செய்தான் என்று அரசு கேட்கக் கூடாது. இப்படிச் செய்தால் குழுவைத் தேர்ந்தெடுப்பது ஊர்தான். நன்றாக ஆடாத குழுவை அந்தப் பாட்டி மறுவருஷம் கூப்பிட விடமாட்டார். யாருக்கு எவ்வளவு போனது என்பதை மே 1 கிராம சபையில் வாசித்துவிடலாம். கூத்துப் பருவமும் அதுதான். ஆடாதவர் பெயர் பட்டியலில் வந்தால் அங்கேயே எழுந்து கேட்பார்கள். நோட்டீஸை ஸ்கேன் செய்ய வேண்டாம்.

அடுத்தது பையன்கள். மத்திய அரசின் குரு சிஷ்யத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாயும் வயது வந்த சீடருக்கு 10,000 ரூபாயும் வரை உண்டு. ஆட்டத்துக்கும் கற்றுக்கொடுப்பதற்கும் நேராகப் போகும் பணம் இது, நல்ல திட்டம். ஆனால் அதற்குப் பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், சில ஆண்டு தணிக்கைக் கணக்கு வேண்டும், தில்லியின் இணையதளத்தில் பதிய வேண்டும். துண்டில் பங்கு பிரிக்கும் குழுவுக்கு ஆடிட்டர் எங்கே? இங்கேதான் மாநிலத் துறை உதவ முடியும். ஒவ்வொரு மாவட்டத்திலும் குழுக்களைப் பதிவு செய்து கொடுக்கவும் கணக்கு எழுதிக் கொடுக்கவும் ஒரு ஆளை வைத்தால் போதும். பெரிய செலவில்லை.

மத்தளக்காரரின் மகனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பத்தொன்பது வயது. அப்பாவைவிட நன்றாக வாசிக்கிறான் என்று வாத்தியாரே சொல்கிறார். ஷூ கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடிந்தால் வருகிறான், முடியாவிட்டால் இல்லை. சம்பளத்தை விட்டுவிட்டு வா என்று அவனை யாரும் சொல்ல முடியாது. வீட்டில் அவன் காசுதான் மாதாமாதம் வருகிற காசு. மாதம் 10,000 என்பது அவன் விஷயத்தில் உதவித்தொகை இல்லை, ஒரு மத்தளக்காரன் இருப்பதா இல்லையா என்கிற கணக்கு.

இப்போது

வாத்தியாருக்கு உதவித்தொகை வந்த முதல் மாதம் பேத்திக்குப் பள்ளிப் பை வாங்கினார். மிச்சத்துக்குக் கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் வாங்கி, உதிர்ந்துபோயிருந்த புஜக்கட்டைகளைப் புதுப்பித்தார். நான் போனபோது திண்ணையில் வெயிலில் காய வைத்திருந்தார். "பொட்டிக்கும் ஒரு பங்கு குடுக்கணும் இல்ல சார்" என்றார்.

குழுவைச் சங்கமாகப் பதிவு செய்வது என்று முடிவாகியிருக்கிறது. சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆறு கையெழுத்து வாங்கிவிட்டேன். ஏழாவதாகப் பையனைப் போடச் சொல்லியிருக்கிறார் வாத்தியார். பதிவாகி, கணக்கு எழுதி, தில்லிக்கு மனு போட இன்னும் சில வருஷம் ஆகும். பங்குனி உத்திரத்துக்கு முந்தின ராத்திரி கலவைப் பக்கம் ஒரு ஊரில் அச்சாரம் வாங்கியிருக்கிறார்கள். பையன் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டான். கையெழுத்தை அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.